சப்ளையர் தகுதிக்கு உதவாத சான்றிதழ்களை வழங்கியது குறித்துப் புகார்

அனுப்புநர்: உரிமையாளர், இயந்திர உதிரிபாகத் தயாரிப்புப் பட்டறை

பெறுநர்: மேலாளர், வாடிக்கையாளர் குறைதீர்ப்புப் பிரிவு, தரச் சான்றிதழ் ஆலோசனை நிறுவனம்

பொருள்: அங்கீகாரமற்ற சான்றிதழ்களைத் திரும்பப் பெற்று, செலுத்திய தொகையைத் திருப்பித் தரக் கோருதல்

ஐயா,

வணக்கம். எங்கள் பட்டறையில் 38 பேர் ஒரே ஷிப்டில் வேலை செய்கிறோம். பம்புகளுக்கான தண்டுகளும் புஷ்களும் கடைந்து தருவது எங்கள் தொழில். பெரிய பம்பு உற்பத்தியாளர் ஒருவர் எங்களைச் சப்ளையராகச் சேர்க்க முன்வந்து, அதற்கான விண்ணப்பப் படிவத்தை அனுப்பியபோது, அதில் கேட்டிருந்ததை நிறைவேற்றத்தான் தங்கள் நிறுவனத்தை நாடினோம். தங்களுக்கு அனுப்பிய முதல் மின்னஞ்சலிலேயே அந்தப் படிவத்தை இணைத்திருந்தேன். அதில் கட்டாயம் என்று இருந்தவை மூன்றே மூன்று: கடைசல் வேலையை வரம்பில் (சான்றிதழ் எந்த வேலைக்குப் பொருந்தும் என்று சொல்லும் பகுதியில்) குறிப்பிடும், அங்கீகாரம் பெற்ற ஐஎஸ்ஓ 9001 தர மேலாண்மைச் சான்றிதழ், அளவுக் கருவிகளின் காலிபரேஷன் (துல்லியச் சரிபார்ப்பு) பதிவுகள், மூலப்பொருளின் சோதனைச் சான்று. சுற்றுச்சூழல் மேலாண்மைக்கான ஐஎஸ்ஓ 14001 இருந்தால் இணைக்கலாம் என்று ஓரிடத்தில் இருந்தது, அவ்வளவுதான்.

தங்கள் பிரதிநிதி அந்தப் படிவத்தைப் படித்தாரா என்பதே எனக்குச் சந்தேகமாக இருக்கிறது. நான்கு சான்றிதழ்களைச் சேர்த்து எடுத்தால்தான் கொள்முதல் பிரிவினர் மதிப்பார்கள் என்று சொல்லி, 9001, 14001, பணியிடப் பாதுகாப்புக்கான 45001, சமூகப் பொறுப்பு பற்றிய 26000 ஆகியவற்றை ஒரே தொகுப்பாக விற்றார். முழுத் தொகையையும், சான்றிதழ் தந்த பிறகு ஆண்டுதோறும் நடக்கும் கண்காணிப்புத் தணிக்கைக்கு அடுத்த இரண்டு ஆண்டுகளின் கட்டணத்தையும் முன்பணமாகவே வாங்கிக்கொண்டார்.

சான்றிதழ்களை எடுத்துக்கொண்டு உற்பத்தியாளரின் அலுவலகத்துக்குப் போனேன். அங்கிருந்த தர அதிகாரி மேலே அச்சாகியிருந்த பெரிய முத்திரையைப் பார்க்கவே இல்லை. நேராகத் தாளின் கீழ் மூலைக்குப் போய், சான்றளித்த நிறுவனத்தை அங்கீகரித்த அமைப்பின் குறியைத் தேடினார், அது இல்லை. பிறகு அங்கீகாரம் பெற்ற சான்றிதழ்களைச் சரிபார்க்க உதவும் ஐஏஎஃப் (சர்வதேச அங்கீகார மன்றம்) சர்ட்சர்ச் தரவுத்தளத்தில் எங்கள் பெயரையும் சான்றிதழ் எண்ணையும் தட்டிப் பார்த்தார், அங்கும் இல்லை. வரம்பு என்ற இடத்தில் 'உதிரிபாக வணிகம்' என்று இருந்ததை விரலால் சுட்டிக்காட்டி, "நீங்கள் கடைகிறீர்களா, வாங்கி விற்கிறீர்களா?" என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை.

ஐஎஸ்ஓ அமைப்பு தரநிலைகளை எழுதி வெளியிடுகிறதே தவிர யாருக்கும் சான்றிதழ் தருவதில்லை, தன் சின்னத்தைச் சான்றிதழில் அச்சிடவும் அனுமதிப்பதில்லை என்பதை அவர்தான் எனக்கு விளக்கினார். அதைச் சொல்ல வேண்டிய இடத்தில் இருந்த தாங்களோ, அந்தச் சின்னத்தைப் பொன்னிறத்தில் அச்சிட்டுக் கொடுத்திருக்கிறீர்கள். 26000 விஷயத்தில் நடந்ததை என்னால் ஏற்கவே முடியவில்லை. 2010இல் வெளியான அந்தத் தரநிலை சமூகப் பொறுப்புக்கான வழிகாட்டி மட்டுமே. சான்றிதழ் வழங்குவதற்கு உரியதல்ல என்று அதன் தொடக்கத்திலேயே தெளிவாக எழுதப்பட்டுள்ளது. இல்லாத ஒரு சான்றிதழுக்குத் தாங்கள் எண் போட்டு, கையெழுத்திட்டு, பணமும் வாங்கியிருக்கிறீர்கள்.

தணிக்கை நடந்த விதத்தையும் பதிவு செய்கிறேன். 26 முதல் 45 பேர் வரை உள்ள இடத்தில் 9001க்கான முதல் தணிக்கைக்கு, இரண்டு கட்டங்களும் சேர்த்து, 4 தணிக்கை நாள்களை ஐஏஎஃப் விதி அடிப்படையாக வைக்கிறது. தக்க காரணம் இருந்தாலும் 30 சதவீதத்துக்கு மேல் குறைக்க இயலாது. தங்கள் தணிக்கையாளர் காலை 11 மணிக்கு வந்து, மதிய உணவு முடிந்ததும் கிளம்பிவிட்டார். அவருக்காக எங்கள் மூத்த லேத் தொழிலாளி எல்லா மைக்ரோமீட்டர்களையும் துடைத்து, காலிபரேஷன் லேபிள் தெரியும்படி மேசையில் வரிசையாக வைத்துக் காத்திருந்தார். தணிக்கையாளர் அலுவலக அறையைவிட்டு வெளியே வரவே இல்லை. ஆனால் எல்லா இயந்திரங்களிலும் பாதுகாப்பு மூடி பொருத்தப்பட்டிருப்பதை நேரில் கண்டதாக அவர் 45001 அறிக்கையில் எழுதியிருக்கிறார். அன்று எங்கள் சாணை இயந்திரம் ஒன்றின் மூடி பழுதுபார்க்கக் கழற்றி வைக்கப்பட்டிருந்தது. 45001 வேண்டாத சான்றிதழ் என்று நான் சொல்லவில்லை. இரும்புத் துகள் தெறிக்கும் இடத்தில் அதை ஒழுங்காகச் செய்தால் ஒருவரின் கண் தப்பும். அதனால்தான் இந்தப் பொய்யான ஒரு வரி என்னை மிகவும் வருத்துகிறது.

உள் தணிக்கையும் நிர்வாக மீளாய்வும் நாங்கள் செய்திருக்க வேண்டியவை. அவற்றையும் தாங்களே பூர்த்தி செய்து கொண்டுவந்து கையெழுத்து மட்டும் கேட்டீர்கள். ஆறாம் பக்கத்தின் அடியில் வேறொரு தொழிற்சாலையின் பெயர் இருக்கிறது. எங்களிடம் இல்லாத பாய்லர் ஒன்றின் பராமரிப்பும் அதில் வருகிறது. ஆவணம் தயாரித்த ஆலோசகரும் சான்றளித்த தணிக்கையாளரும் ஒரே லெட்டர்ஹெட்டில் கையெழுத்திட்டுள்ளனர். சான்றளிக்கும் நிறுவனம் மேலாண்மை முறை ஆலோசனை வழங்கக் கூடாது என்பது, சான்றளிக்கும் நிறுவனங்களுக்கான தரநிலையான ஐஎஸ்ஓ/ஐஇசி 17021-1 விதிக்கும் அடிப்படை நிபந்தனை.

உற்பத்தியாளர் எங்களை அடியோடு ஒதுக்கிவிடவில்லை. முறையான சான்றிதழுடன் மீண்டும் விண்ணப்பிக்கச் சொல்லியிருக்கிறார். அதற்காக அங்கீகாரம் பெற்ற வேறொரு நிறுவனத்திடம் பதிவு செய்து, பதிவேடுகளை முதலிலிருந்து எழுதி வருகிறோம். அதுவரை எங்களுக்கு வர வேண்டிய ஆர்டர் வேறொருவரிடம் போயிருக்கிறது.

எனவே, நான்கு சான்றிதழ்களுக்கான கட்டணத்தையும் கண்காணிப்புத் தணிக்கைக்கான முன்பணத்தையும் முழுமையாகத் திருப்பித் தருமாறும், அச்சான்றிதழ்களை ரத்து செய்ததாக எழுத்துமூலம் உறுதி அளிக்குமாறும் கேட்டுக்கொள்கிறேன். இன்னொருவரின் ஆவணம் எங்கள் கோப்பில் இருப்பதால், எங்கள் வரைபடங்களும் செயல்முறைக் குறிப்புகளும் வேறு யாரிடமாவது போயிருக்கின்றனவா என்பதற்கும் தெளிவான பதில் வேண்டும். விண்ணப்பப் படிவம், தங்கள் ரசீது, ஆறாம் பக்கத்தின் நகல், உற்பத்தியாளரின் நிராகரிப்புக் கடிதம் ஆகியவற்றை இத்துடன் இணைத்துள்ளேன். இக்கடிதம் கிடைத்த 15 நாள்களுக்குள் பதில் வராவிட்டால், இதே ஆவணங்களுடன் சட்டப்படி நடவடிக்கை எடுப்பேன்.

இப்படிக்கு,
உரிமையாளர்