பெரிய வெள்ளிக்கு ‘ஹேப்பி’ சேர்க்காதே, மகளே

அன்பு மகளுக்கு,

ஈஸ்டருக்கு முந்தைய நோன்புக் காலமான தவக்காலம் தொடங்கும் சாம்பல் புதன் வரப்போகிறது. தவக்காலத்துக்கும் ஈஸ்டருக்கும் வேண்டிய ஆங்கிலச் சொற்களை எழுதி அனுப்பச் சொல்லியிருந்தாய். சொல்லை மட்டும் எழுதினால் பயன் இல்லை. எந்தச் சொல்லோடு எந்த வினை சேரும், தமிழில் யோசித்துப் பேசும்போது எங்கே தவறுகிறோம் என்பதையும் சேர்த்தே எழுதுகிறேன்.

முதலில் ‘குட் ஃப்ரைடே’, இயேசு சிலுவையில் இறந்ததை நினைக்கும் நம் பெரிய வெள்ளி. இதில் வரும் ‘குட்’, ‘நல்ல’ என்று நாம் இன்று புரிந்துகொள்வது அல்ல. பழைய ஆங்கிலத்தில் அதற்குப் புனிதம் என்ற பொருளும் உண்டு. நாம் ‘புனித வெள்ளி’ என்பதும் அதுதான். அதனால் அன்றைக்கு யாருக்கும் ‘ஹேப்பி குட் ஃப்ரைடே’ என்று செய்தி அனுப்பிவிடாதே. துக்க வீட்டில் வாழ்த்துச் சொன்ன மாதிரி ஆகிவிடும். கோவிலில் பழகியவர்களுக்கு ‘ஹேவ் எ ப்ளெஸ்ட் குட் ஃப்ரைடே’ போதும். விடுமுறைக்குக் கிளம்பும் அலுவலகத் தோழர்களுக்கு ‘ஹேவ் எ குட் ஈஸ்டர் வீக்கெண்ட்’ என்று சொல். ‘ஹேப்பி ஈஸ்டர்’ ஞாயிறுக்கு உரியது.

தவக்காலத்துக்கு ஆங்கிலத்தில் ‘லெண்ட்’. இந்தச் சொல் வசந்தத்தைக் குறித்த பழைய ஆங்கிலச் சொல்லிலிருந்து வந்தது. பகல் நீளும் காலம் என்பது அதன் உட்பொருள். நம் சபைகளில் ‘லெந்து நாட்கள்’ என்பதும் இதே சொல்தான். சாம்பல் புதனிலிருந்து ஈஸ்டருக்கு முந்தின நாளான புனித சனி வரை எண்ணினால் 46 நாள் வரும். ‘ஃபார்ட்டி டேஸ்’ என்கிறார்களே என்று குழம்பாதே: இடையில் வரும் ஆறு ஞாயிறும் நோன்புக் கணக்கில் சேராது.

இந்தக் காலத்தில் அடிக்கடி வரும் கேள்வி, ‘வாட் ஆர் யூ கிவிங் அப் ஃபார் லெண்ட்?’ நாம் ‘கறி விட்டுட்டேன்’ என்று நினைத்து ‘ஐ லெஃப்ட் நான்வெஜ்’ என்று சொல்லிவிடுவோம். ‘லீவ்’ இங்கே பொருந்தாது. ‘கிவ் அப்’தான் வேண்டும். ‘நான்வெஜ்’ என்பதும் நம் பக்கத்து ஆங்கிலம். ‘ஐ ஹேவ் கிவன் அப் மீட் ஃபார் லெண்ட்’ என்று சொல்லிப் பழகு. ‘ஃபார்’ என்பதை விடாதே. ‘டேக்கிங் ஃபாஸ்ட்டிங்’ என்பதும் தவறு; ‘ஐ ஆம் ஃபாஸ்ட்டிங்’ என்றாலே போதும்.

‘ஃபாஸ்ட்’ வேறு, ‘ஆப்ஸ்டினென்ஸ்’ வேறு. முதலாவது நம் ஒருசந்தி: ஒரு வேளை முழுச் சாப்பாடு, மற்ற இரு வேளை சேர்த்தாலும் அந்த ஒரு வேளை அளவுக்கு மிஞ்சாத சிறு உணவு. இரண்டாவது சுத்தபோசனம், அதாவது இறைச்சி தவிர்ப்பது. கத்தோலிக்க ஒழுங்கில் சாம்பல் புதனுக்கும் பெரிய வெள்ளிக்கும் இரண்டும் உண்டு.

சாம்பல் புதனுக்கு முந்தின நாள் ‘ஷ்ரோவ் டியூஸ்டே’. ‘ஷ்ரைவ்’ என்றால் பாவசங்கீர்த்தனம், அதாவது பாவ அறிக்கை, கேட்டு மன்னிப்பு வழங்குவது. அதன் இறந்தகால வடிவம் ‘ஷ்ரோவ்’. நோன்புக்கு முன் வீட்டிலிருக்கும் முட்டை, பால், வெண்ணெயைத் தீர்க்கப் பேன்கேக் சுட்டதால் பிரிட்டனில் ‘பேன்கேக் டே’ என்றே சொல்வார்கள்.

ஈஸ்டருக்கு முந்தின ஞாயிறான குருத்து ஞாயிறு ‘பாம் சண்டே’. எழுத்தில் ‘எல்’ இருந்தாலும் பெரும்பாலோர் ஒலிப்பதில்லை. ‘பாம்பு’ என்னும்போது வரும் வல்லின ‘ப’வோடு தொடங்கு, கொஞ்சம் மெலிந்தாலும் வெடிகுண்டு என்று காதில் விழும். திருப்பாடலைக் குறிக்கும் ‘சாம்’ என்ற சொல்லிலும் முதலில் எழுதும் ‘பி’க்கு (p) ஒலி கிடையாது. கல்லறை ‘டூம்’, செம்மறி ‘லேம்’. இரண்டிலும் கடைசி ‘பி’ (b) மௌனம்.

பெரிய வியாழன்தான் அதிகம் சறுக்கும் இடம். ‘மாண்டி தர்ஸ்டே’ என்பதை ‘மண்டே தர்ஸ்டே’ என்று படித்துவிடுகிறார்கள். முதல் உயிரொலி ஆவுக்கும் ஓவுக்கும் நடுவே நிற்க வேண்டும். ‘மந்தாத்தும்’ என்ற லத்தீன் சொல், ‘கட்டளை’, இதன் மூலம். ஒருவரிலொருவர் அன்பாயிருங்கள் என்று இயேசு தந்த புதிய கட்டளை (யோவான் 13:34) அந்த இரவுக்கு உரியது. பிரிட்டிஷ் அரசர் இந்த நாளில் ‘மாண்டி மனி’ என்று சிறப்பு நாணயங்கள் வழங்குவார். அவருக்கு எத்தனை வயதோ அத்தனை ஆண்களுக்கும் அத்தனை பெண்களுக்கும். கத்தோலிக்கர்கள் இந்த நாளை ‘ஹோலி தர்ஸ்டே’ என்றும் சொல்வதுண்டு.

வெள்ளிக்கு உரிய சொற்களில் ‘பேஷன்’ என்பது ஆர்வம் அல்ல, இயேசு பட்ட பாடுகள். ‘க்ராஸ்’ வெறும் சிலுவை. ‘க்ரூசிஃபிக்ஸ்’ பாடுபட்ட சுரூபம், அதாவது இயேசுவின் உருவம் உள்ள சிலுவை. சிலுவைப்பாதை ‘ஸ்டேஷன்ஸ் ஆஃப் த க்ராஸ்’, நிலைகள் 14. ‘ஸ்டேஷன்’ என்றால் நின்று செபிக்கும் இடம் என்றே பொருள். ‘க்ரூசிஃபிக்ஷன்’ எழுதும்போது நடுவில் ‘எக்ஸ்’ வரும், ‘சி டி’ அல்ல. இயேசுவைச் சிலுவையில் அறைந்த இடமான கல்வாரியை ‘கேல்வரி’ என்று சொல். ‘ல’வும் ‘வ’வும் இடம் மாறி ‘கேவல்ரி’ ஆனால் குதிரைப்படை வந்து நிற்கும். வாசகம் படிக்கப் போகிறாய் என்றால் இதை முன்கூட்டியே நாலு தடவை வாய்விட்டுச் சொல்லிப் பார்.

ஞாயிறுக்கான முக்கியமான இலக்கணம் ஒன்று உண்டு, நம் தமிழே அதற்கு வழிகாட்டும். ‘எழுந்தார்’ தன்வினை, ‘எழுப்பினார்’ பிறவினை. ஆங்கிலத்தில் முன்னது ‘ரைஸ், ரோஸ், ரிஸன்’. பின்னது ‘ரெய்ஸ், ரெய்ஸ்டு’. ஆகவே ‘ஜீசஸ் ரோஸ் ஃப்ரம் த டெட்’ சரி, ‘காட் ரெய்ஸ்டு ஹிம்’ சரி, ‘ஜீசஸ் ரெய்ஸ்டு ஃப்ரம் த டெட்’ தவறு. காலை வாழ்த்து ‘க்ரைஸ்ட் இஸ் ரிஸன்’. ‘ஹேஸ்’ வர வேண்டாமா என்று கேட்பாய். போதல், வருதல், எழுதல் போன்ற வினைகளோடு பழைய ஆங்கிலம் ‘இஸ்’ சேர்க்கும். வழிபாட்டில் அது அப்படியே நிலைத்துவிட்டது. யாராவது சொன்னால் ‘தேங்க் யூ’ என்று நிறுத்தாதே. ‘ஹி இஸ் ரிஸன் இன்டீட்’ என்பதுதான் பதில்.

பண்டிகைக் காலம் முழுவதையும் சொல்ல ‘அட் ஈஸ்டர்’. ஒரு நாளைக் குறிக்க ‘ஆன் ஈஸ்டர் சண்டே’. விடுமுறை நாட்கள் நெடுக என்றால் ‘ஓவர் ஈஸ்டர்’. தேதி ஆண்டுக்காண்டு மாறுவதால் இதை ‘மூவபிள் ஃபீஸ்ட்’ என்பார்கள். மார்ச் 21 அன்றோ அதற்குப் பிறகோ வரும் முதல் பௌர்ணமி, அதை அடுத்த ஞாயிறு என்பது கணக்கு. அதனால் மார்ச் 22க்கும் ஏப்ரல் 25க்கும் இடையில்தான் விழும். 2026இல் ஏப்ரல் 5, 2027இல் மார்ச் 28. ஆர்த்தடாக்ஸ் சபையினர் ஜூலியன் காலண்டரை வைத்துக் கணக்கிடுவதால், அவர்கள் ஈஸ்டர் பல ஆண்டுகளில் பிந்தி வரும்.

இனி முட்டை. ‘எக் ஹன்ட்’ ஒளித்து வைத்துத் தேடுவது. ‘எக் ரோல்’ உருட்டுவது. வெள்ளை மாளிகைப் புல்வெளியில் 1878 முதல் ஈஸ்டர் திங்களன்று உருட்டுகிறார்கள். சாயம் தோய்ப்பதற்கு ‘டையிங்’ என்று எழுதும்போது ‘ஒய்’க்குப் பிறகு ‘இ’ கட்டாயம். அதை விட்டால் ‘சாகும் முட்டை’ என்று பொருள் மாறிவிடும், அழைப்பிதழில் இதைப் பார்த்து எழுது.

சாயம் தோய்க்கக் கூப்பிட்டால் செய்முறை இது. முட்டையை 10 நிமிடம் அவித்து, ஆறவிட்டு, ஈரம் துடைத்து வை. அரை கப் கொதிநீரில் ஒரு தேக்கரண்டி வினிகரும் 10 முதல் 20 சொட்டு உணவு நிறமும் கலந்து, முட்டையை 5 நிமிடம் முழுக விடு. வினிகரின் புளிப்புதான் நிறத்தை ஓட்டில் பிடிக்க வைக்கிறது. வினிகர் அதிகமானாலோ நேரம் கூடினாலோ ஓடு கரைந்து குமிழ் எழும்பித் திட்டுத் திட்டாகிவிடும். கையில் எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் விரல் பட்ட இடத்தில் நிறம் ஏறாது. சாப்பிடப் போகிறீர்கள் என்றால் 2 மணி நேரத்துக்கு மேல் வெளியே வைக்காதே.

மேசையில் சிலுவைக் குறி போட்ட ‘ஹாட் க்ராஸ் பன்’ இருந்தால் அது வெள்ளிக்கு உரிய பண்டம். ‘சிம்னல் கேக்’ மேல் இருக்கும் பாதாம் உருண்டைகளை எண்ணிப் பார். இயேசுவைக் காட்டிக்கொடுத்த யூதாசை நீக்கி, அவருடைய முதன்மைச் சீடர்களான அப்போஸ்தலர் கணக்கில் 11 இருக்கும். ‘அப்போஸ்தலர்’ என்பதை ஆங்கிலத்தில் ‘அபாஸல்’ என்று சொல், நடுவில் ‘ட்’ வேண்டாம்.

உயிர்ப்பு விழாவுக்கு நீ எழுதிய வாசகம் வந்ததும் திருத்தி அனுப்புகிறேன். ‘லெண்ட்’, ‘ஈஸ்டர்’, ‘குட் ஃப்ரைடே’ மூன்றுக்கும் முதலெழுத்து பெரிய எழுத்தா என்று ஒருமுறை பார்த்துவிட்டு அனுப்பு.

அன்புடன்,
அப்பா