திருத்தி எழுதக் காலம் வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்னைப் புத்தகக் காட்சி ஜனவரியையொட்டி நடப்பதால், அதற்குள் நூலை அச்சாக்கிவிட வேண்டும் என்ற நெருக்கடி நாவலாசிரியர் பலருக்கு ஏற்படுகிறது. இதில் முதலில் பலியாவது திருத்தி எழுதும் காலமே.

ஒரு பாத்திரத்தை நீக்கினால் அதற்கு முன்னும் பின்னும் வரும் உரையாடல்கள் பொருளிழக்கின்றன. நடுவிலுள்ள அத்தியாயத்தை முதலில் வைத்தால், வாசகர் பின்னர் அறிய வேண்டிய செய்தி முன்னரே வெளிப்பட்டுவிடுகிறது. நேற்றுச் சிறப்பாகத் தோன்றிய பக்கம் இன்று மிகையாகப்படுவதும், வெட்டிய பத்தியை மீண்டும் தேடி எடுத்துச் சேர்ப்பதும் இப்பணியில் இயல்பானவை. இத்தயக்கத்தைத் திறமைக் குறைவாகக் கருதி இளம் எழுத்தாளர்கள் சோர்ந்துபோவது எனக்கு மிகுந்த வருத்தமளிக்கிறது.

‘போரும் அமைதியும்’ நாவலின் தொடக்கப் பகுதிகளை 1865-இல் இதழொன்றில் வெளியிட்ட ரஷ்ய எழுத்தாளர் டால்ஸ்டாய், முழு நூலை 1869-இல் நிறைவுசெய்தார். அதன் பிறகும் ஓயாமல், 1873-ஆம் ஆண்டுப் பதிப்பில் பிரெஞ்சு உரையாடல்களை ரஷ்ய மொழிக்கு மாற்றி, வரலாறு குறித்த சிந்தனைகளைப் பிரித்துப் பின்னிணைப்பாக்கினார். 1886-ஆம் ஆண்டுப் பதிப்பிலோ பிரெஞ்சு மீண்டும் இடம்பெற்றது. அடித்தல் திருத்தல் நிறைந்த அந்தக் கைப்பிரதிகளைப் பொறுமையுடன் படியெடுத்தவர் அவருடைய மனைவி சோபியா என்பதும் போற்றத்தக்கது.

எனவே பதிப்பகங்கள் நாவலை ஏற்றுக்கொண்டதும் தகுதியான செம்மையாக்குநர் (எடிட்டர்) ஒருவரின் கருத்தைப் பெற்றுத் தருவதுடன், திருத்தி எழுத ஓராண்டேனும் அவகாசம் அளிக்க வேண்டும். தங்கள் நாளிதழின் நூல் மதிப்புரைகளும் செம்மையாக்கத்தின் தரம் குறித்துத் தவறாமல் எழுத வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
நாவலாசிரியர் ஒருவர்,
மதுரை.