விதியின் மறுபாதி: பத்தைத் தாண்டினால் பில்டை நிறுத்துபவர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய டெலிவரி மேனேஜர்களுக்கும் ஆர்க்கிடெக்ட்களுக்கும்,

வணக்கம். முதலில் என் தப்பை ஒப்புக்கொண்டுவிடுகிறேன்.

சில வருடங்களுக்கு முன் நான் வேலை பார்த்த நிறுவனத்தில் ஒரு திங்கட்கிழமை புது விதி வந்தது. எந்த ஃபங்ஷனின் (ஒரு வேலையைச் செய்யும் நிரல் துண்டின்) சைக்ளோமேட்டிக் காம்ப்ளெக்ஸிட்டியும், அதாவது அதில் எத்தனை பாதை பிரிகிறது என்பதைக் காட்டும் எண்ணும், 10-ஐத் தாண்டக் கூடாது. தாண்டினால் பில்ட், அதாவது நிரலை ஓடும் மென்பொருளாக்கும் வேலை, நிற்கும். என் பொறுப்பில் இன்சூரன்ஸ் பிரீமியம் கணக்கிடும் ஃபங்ஷன் ஒன்று இருந்தது. அதன் எண் 47. ரிலீஸுக்கு நான்கே நாள். நான் என்ன செய்தேன்? அதை எட்டுத் துண்டாக வெட்டி, பிராசஸ்1 முதல் பிராசஸ்8 வரை பெயர் வைத்தேன். ஒரு துண்டில் நடந்ததை அடுத்த துண்டுக்குச் சொல்ல ஐந்து ஃபிளாக், அதாவது ஆம்-இல்லை என்று குறித்துவைக்கும் அடையாளங்கள். பில்ட் பச்சையானது. பாராட்டி மெயில்கூட வந்தது.

அடுத்த வருடம் சில பாலிசிகளுக்குத் தள்ளுபடி இரண்டு முறை கழிந்தது. மூன்றாவது ஃபிளாக் எங்கே மாறுகிறது என்று தேடவே எனக்கு ஒன்றரை நாள் ஆனது. எழுதியவனுக்கே அந்தப் பாடு. பழைய ஃபங்ஷன் அசிங்கமாக இருந்தாலும் மேலிருந்து கீழே ஒரே மூச்சில் படித்துவிடலாம். நான் செய்ததெல்லாம், ஒரே இடத்தில் கிடந்த சிக்கலை எட்டு வீட்டுக்குப் பங்கு பிரித்துக் கொடுத்ததுதான்.

இதைப் படித்துவிட்டு "அப்போ எண்ணே வேண்டாம் என்கிறாயா?" என்று கேட்பீர்கள். இல்லை. 2013-இல் அமெரிக்காவின் ஓக்லஹோமாவில் டொயோட்டா கார் தானாக வேகமெடுத்ததாகத் தொடுக்கப்பட்ட வழக்கில், மைக்கேல் பார் என்ற நிபுணர் அந்தக் காரின் நிரலை ஆராய்ந்து சாட்சி சொன்னார். 67 ஃபங்ஷன்களின் எண் 50-க்கு மேல், இன்ஜினுக்குள் போகும் காற்றைக் கட்டுப்படுத்தும் த்ராட்டிலின் கோணத்தைக் கணக்கிடும் ஃபங்ஷனின் எண் 100-க்கும் மேல் என்றார். அப்படி ஒரு ஃபங்ஷனை முழுதாகச் சோதித்துவிட்டேன் என்று யாராலும் நெஞ்சில் கை வைத்துச் சொல்ல முடியாது. அதனால் எண் வேண்டும். அது எதைச் சொல்கிறது, எதைச் சொல்லவில்லை என்பதும் தெரிந்திருக்க வேண்டும்.

தாமஸ் மெக்கேப் 1976-இல் இந்த அளவைக் கொண்டுவந்தார். கணக்கு எளிது. ஒரு ஃபங்ஷனில் பாதை பிரியும் இடங்களை எண்ணி ஒன்றைக் கூட்டினால் போதும். லீப் வருடத்தைக் கண்டுபிடிக்கும் நிரலை எடுத்துக்கொள்ளுங்கள். நான்கால் வகுபடுகிறதா, நூறால் வகுபடுகிறதா, நானூறால் வகுபடுகிறதா என்று மூன்று கேள்விகள். எண் 4. அந்த நான்கு பாதைகளையும் சோதிக்க 2023, 2024, 1900, 2000 என்று நான்கு வருடங்கள் போதும். அதாவது, குறைந்தது எத்தனை டெஸ்ட் எழுத வேண்டும் என்பதற்கு இந்த எண் நல்ல வழிகாட்டி.

ஆனால் வாசிப்பு வேறு விஷயம். அதே லீப் வருட நிரலை "இப்படி என்றால்" என்று கேட்கும் இஃப்புக்குள் இஃப், அதற்குள் இன்னொரு இஃப், ஒவ்வொன்றுக்கும் "இல்லையென்றால்" என்று ஒரு எல்ஸ் என எழுதலாம். அல்லது நானூறால் வகுபட்டால் ஆம், நூறால் வகுபட்டால் இல்லை, நான்கால் வகுபட்டால் ஆம், மற்றதெல்லாம் இல்லை என்று ஒவ்வொரு வரியிலும் பதிலைத் திருப்பி அனுப்பிவிட்டு நகரலாம். மெக்கேப் கணக்கில் இரண்டும் 4-தான். புதிதாகச் சேர்ந்த ஃப்ரெஷரிடம் இரண்டையும் காட்டுங்கள். எதில் விழிக்கிறார் என்று பார்த்தாலே தெரியும்.

இந்தக் குறையைப் பார்த்துத்தான் சோனார்சோர்ஸ் நிறுவனம் காக்னிடிவ் காம்ப்ளெக்ஸிட்டி என்ற இன்னொரு அளவை உருவாக்கியது. அதில் உள்ளே போகப் போக ஒவ்வொரு இஃப்புக்கும் அபராதம் கூடும். அந்தக் கணக்கில் அடுக்கி எழுதிய லீப் வருடம் 9, நேராக எழுதியது 3. லினக்ஸ் இயங்குதளத்தின் மையமான கெர்னலை எழுதுபவர்கள் எண்ணே இல்லாமல் இதைச் சமாளிக்கிறார்கள். அவர்கள் நிரலில் ஒரு டேப் எட்டு இடம் அகலம். அடுக்கு கூடக் கூட வரி திரையின் வலப்பக்கம் தள்ளிக்கொண்டே போகும். மூன்று அடுக்குக்கு மேல் தேவைப்பட்டால் நிரலைத் திருத்து என்று அவர்களது விதிப் புத்தகமே சொல்கிறது.

சரி, 10 எங்கிருந்து வந்தது? மெக்கேப்பே சொன்னதுதான். ஆனால் அது நியாயமான வரம்பு, மந்திர எண் அல்ல என்றும் கூடவே சொன்னார். நிறையத் தனித்தனி கேஸ்கள் வரிசையாக வரும் இடத்துக்கு இந்த வரம்பு பொருந்தாது என்றும் அதே கட்டுரையில் விலக்குக் கொடுத்தார். 1996-இல் அமெரிக்க அரசின் தரநிர்ணய அமைப்பான நிஸ்ட் வெளியிட்ட அறிக்கை, அனுபவமுள்ள குழுவும் முறையான சோதனைத் திட்டமும் இருந்தால் 15 வரை போகலாம் என்றது. நிரலைப் பரிசோதிக்கும் கருவிகளையே பாருங்கள். செக்ஸ்டைலில் 10, இஎஸ்லிண்ட்டில் 20 என்று ஆளுக்கொரு வரம்பு வைத்திருக்கிறார்கள். போர் விமானத்துக்கு நிரல் எழுத 2005-இல் வகுத்த ஜேஎஸ்எஃப் விதிகளிலும் 20-தான்.

என் மனக்குறை இனிமேல்தான். அந்த நிஸ்ட் அறிக்கை பரிந்துரைக்கும் விதிக்கு இரண்டு பாதி உண்டு. ஒப்புக்கொண்ட வரம்புக்குள் வை. முடியாவிட்டால் ஏன் தாண்டியது என்று எழுதிக் கொடு. நீங்கள் முதல் பாதியை மட்டும் பில்ட் ஸ்கிரிப்ட்டில் போட்டுவிட்டு மறுபாதியை விட்டுவிட்டீர்கள். விளக்கம் சொல்ல வழியே இல்லாத இடத்தில் ஆட்கள் ஏமாற்ற வழி தேடுவார்கள். நான் தேடினேன்.

அந்த மறுபாதியைத் திரும்பக் கொண்டுவாருங்கள் என்று கேட்கவே இந்த மடல். வரம்பைத் தாண்டும் ஃபங்ஷனுக்கு மேலே மூன்று வரி விளக்கம் இருந்தால் பில்ட் ஓடட்டும். அந்த விளக்கம் சரியா என்று ரிவ்யூவில் ஒரு மனிதர் பார்க்கட்டும். பழைய நிரலை ஒரே நாளில் திருத்தச் சொல்லாதீர்கள். கைவைக்கிற ஃபங்ஷனின் எண் இருந்ததைவிட ஏறாமல் இருந்தால் போதும். எண் 60 இருந்தும் ஐந்து வருடமாக யாரும் தொடாமல் ஒழுங்காக ஓடும் ஃபங்ஷனை நிம்மதியாக விடுங்கள். நிரலின் மாற்றங்களைப் பதிவு செய்யும் கிட்டின் வரலாற்றில் வாராவாரம் மாறுகிறது, எண்ணும் பெரியது என்று எது காட்டுகிறதோ, அதற்கு நேரம் ஒதுக்குங்கள். முதலில் டெஸ்ட் எழுதும் நேரத்தையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். டெஸ்ட் இல்லாமல் சிக்கலை அவிழ்ப்பது கண்ணைக் கட்டிக்கொண்டு முடி வெட்டுவது மாதிரி. அப்புறம், தயவுசெய்து இந்த எண்ணை அப்ரைசலில் சேர்க்காதீர்கள்.

அந்த மூன்று வரியில் என்ன எழுதுவது என்று கேட்டால், அன்று எனக்கு வாய்ப்பிருந்தால் எழுதியிருக்கக்கூடியது இது:

"எண் 47. இதில் 30 கிளைகள் வயதுக்கேற்ற விகிதங்கள் மட்டுமே. அவற்றை ஒரு டேபிளாக மாற்றினால் எண் 17 ஆகும், அதற்கு இரண்டு நாள் தேவை. மிச்சம் உண்மையான பாலிசி விதிகள், தள்ளுபடி வரிசை முக்கியம், பிரிக்க வேண்டாம். டெஸ்ட் இல்லாததால் இந்த ரிலீஸில் தொடவில்லை."

இப்படிக்கு,
எட்டுத் துண்டு போட்டவன்