விக் கோயிலுக்கு ஒருக்கால் போ, பிள்ளை

அன்பு மகளுக்கு,

பிரான்சில், ஷாத்தோரூவில் வேலை பிடித்திருக்கிறது, ஆனால் சனி ஞாயிறுகளில் பார்க்க ஒன்றுமில்லை, ஊருக்கு ஊர் ஒரே மாதிரிப் பழைய கோயில்கள்தான் என்று எழுதியிருந்தாய். லா ஷாத்ர் போகிற வீதியில் அரைமணி நேரம் போனால் விக் என்றொரு சின்னக் கிராமம் வரும். அங்குள்ள புனித மார்ட்டின் பங்குக் கோயிலுக்குள் ஒருக்கால் போய்விட்டுப் பிறகு சொல்.

வெளியில் பார்த்தால் நிற்கவே தோன்றாது. உள்ளே காலடி வைத்தால் சுவரெல்லாம் ஆட்கள். 12ஆம் நூற்றாண்டில் காவியும் மஞ்சளுமாகத் தீட்டியவை. குருத்தோலைப் பவனி, கடைசி இராப்போசனம், பாதம் கழுவுதல், யூதாசின் முத்தம் எல்லாம் உண்டு. இறைவாக்கினர் எசாயாவின் உதட்டில் தணல் வைக்கிற காட்சியைத் தவறவிடாதே.

எனக்கு எல்லாவற்றிலும் பெரிது மார்ட்டினாரின் கதைதான். தூர் நகரின் ஆயராக இருந்த அவர் 397இல் காந்த் என்ற ஊரில் இறந்தபோது, உடல் தங்களுக்குத்தான் என்று புவாத்தியே நகரத்துக்காரரும் தூர்க்காரரும் பிடிவாதமாக நின்றார்களாம். நடு இரவில் புவாத்தியேக்காரர் அயர்ந்து தூங்க, தூர்க்காரர் உடலை யன்னல் வழியாக வெளியே எடுத்து, வள்ளத்தில் ஏற்றிக்கொண்டு லுவார் ஆற்றோடு போய்விட்டார்கள். அந்த யன்னலும் தூங்கி வழிகிறவர்களும் சுவரில் இருக்கிறார்கள். அந்தத் தூக்கத்தை வரைந்தவன் மனிதரை நன்றாகக் கவனித்தவன்.

இதெல்லாம் நெடுங்காலம் சுண்ணாம்புப் பூச்சுக்குள் மறைந்து கிடந்தது. 1849இல் அந்தப் பங்கின் குருவான சுவாமி கண்டெடுத்தார். பக்கத்து நோஆனில் இருந்த எழுத்தாளர் ஜோர்ஜ் சாந்த் வழியாகச் செய்தி ப்ரோஸ்பேர் மெரிமேயிடம் போனது. நாட்டின் வரலாற்றுச் சின்னங்களுக்கு அவர்தான் அப்போது தலைமைக் கண்காணிப்பாளர். 1850இலேயே கோயில் பாதுகாப்புப் பட்டியலில் ஏறிவிட்டது. ஒரே வருடம்! அந்தச் சுவாமி பேசாமல் இன்னொரு பூச்சுப் பூசியிருந்தால் யாருக்குத் தெரிந்திருக்கும்? சாந்தின் வீட்டைப் பார்க்க நோஆனுக்கு வருகிறவர்களில் எத்தனையோ பேர் விக்கில் இறங்காமல் திரும்புவது எனக்குப் பெரிய மனக்குறை.

அரசையும் திருச்சபையையும் பிரித்த 1905ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பிறகு இப்படியான பழைய பங்குக் கோயில்கள் அந்தந்த ஊராட்சியின் சொத்து. பூசை வைப்பது சுவாமியார், கூரை ஒழுகினால் பொறுப்பு ஊர். நோஆனும் விக்கும் சேர்ந்தே சுமார் 500 பேர்தான், அந்தச் சுமையை யோசித்துப் பார். உண்டியல் கண்ணில் பட்டால் வெறுங்கையோடு வராதே.

வெயில் உள்ள நாளாகப் பார்த்துப் போ. சுவரில் சாயாதே, ஃபிளாஷ் போட்டுப் படம் எடுக்காதே.

நவம்பர் 11 விடுமுறை, மார்ட்டினாரின் திருநாளும் அன்றுதான். அம்மாவும் நானும் முதல்நாள் மாலை ரயிலில் வருகிறோம். கோயில் திறந்திருக்குமா என்று ஊராட்சி அலுவலகத்துக்கு முன்கூட்டியே போன் பண்ணிக் கேட்டு வை.

அன்புடன்,
அப்பா