லைப்சிக்கிலிருந்து அப்பாவுக்கு

லைப்சிக்,
ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் நலம். அங்கே நீங்களும் அம்மாவும் நலம்தானே? இன்று கடைகள் எல்லாம் மூடியிருக்கின்றன. ஞாயிறு ஓய்வுநாள் என்பதை இங்கே அரசியல் சட்டமே காப்பாற்றி வைத்திருக்கிறது. அதனால் நிதானமாக உட்கார்ந்து எழுதுகிறேன்.

முதலாளித்துவ நாட்டில் தொழிலாளியை எப்படி நடத்துகிறார்கள் என்று போனில் கேட்டீர்கள். இரண்டு வார்த்தையில் சொல்லக்கூடிய விஷயம் இல்லை. எங்கள் தொழிற்சாலையில் தொழிலாளர்களே ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கிற ஒரு குழு இருக்கிறது. 5 பேராவது நிரந்தரமாக வேலை செய்கிற இடமாக இருந்தால் போதும், தொழிலாளர்கள் அப்படி ஒரு குழுவை அமைத்துக்கொள்ளச் சட்டம் இடம் கொடுக்கிறது. ஓவர்டைம் வைக்க வேண்டுமானால் நிர்வாகம் குழுவின் சம்மதத்தைக் கேட்க வேண்டும். குழுவிடம் கருத்துக் கேட்காமல் ஒருவரை வேலையிலிருந்து நீக்கினால் அந்த நீக்கம் செல்லாது. மருத்துவக் காப்பீட்டுத் தொகையில் பாதியை முதலாளி கட்டுகிறார். போன மாதம் எனக்குக் காய்ச்சல் வந்தபோது வேலைக்குப் போகவில்லை. சம்பளத்தில் ஒரு காசு குறையவில்லை.

இதையெல்லாம் வைத்துத்தான் எனக்கும் என் தோழிக்கும் தகராறு. என்னோடு ஒரே ஷிப்டில் வேலை செய்கிறார், என்னைவிட வயதில் மூத்தவர். கம்யூனிஸ்ட் ஆட்சியில் இருந்த கிழக்கு ஜெர்மனியில் பிறந்து வளர்ந்தவர். 1989 அக்டோபர் 9 அன்று இந்த ஊரில் சுமார் 70,000 பேர் 'நாங்கள்தான் மக்கள்' என்று முழங்கிக்கொண்டு ஊர்வலம் போனார்களே, அதில் அவரும் போயிருக்கிறார். அப்போது தொழிற்பயிற்சியில் இருந்த சின்னப் பெண். சுடுவார்களோ என்ற பயம் எல்லோருக்கும் இருந்ததாம். சுடவில்லை. சரியாக ஒரு மாதத்தில் பெர்லின் சுவர் திறந்தது.

அப்படிப்பட்டவர் கம்யூனிசத்தைத் திட்டுவார் என்றுதானே நினைப்பீர்கள்? இல்லை. "நாங்கள் கேட்டது பேச்சுரிமை, போக வர உரிமை. தொழிற்சாலையை விற்கச் சொல்லி யார் ஊர்வலம் போனது?" என்கிறார்.

அவர் கதையைக் கேட்டால் அந்தக் கோபம் நியாயம்தான். 1990 ஜூலை 1 அன்று மேற்கு ஜெர்மனியின் பணம் கிழக்குக்கும் வந்தது. கூலியை ஒன்றுக்கு ஒன்று என்று மாற்றினார்கள். மக்களுக்குச் சந்தோஷம். ஆனால் தொழிற்சாலைகள் அந்தக் கூலியைக் கொடுத்துச் சரக்கை விற்க முடியவில்லை. வழக்கமாக வாங்கிக்கொண்டிருந்த கிழக்கு ஐரோப்பிய நாடுகளுக்கு அந்த விலை கட்டுப்படியாகவில்லை. சுமார் 8,000 நிறுவனங்கள், அவற்றில் சுமார் 40 லட்சம் தொழிலாளர்கள், எல்லாம், கிழக்கின் அரசுத் தொழிற்சாலைகளைத் தனியாருக்கு விற்பதற்கான ட்ராய்ஹாண்ட் என்ற ஒரே அமைப்பின் கையில். 1994 முடிவதற்குள் விற்க வேண்டியதை விற்று, மூட வேண்டியதை மூடிவிட்டார்கள். தோழியின் அம்மா ஒரு நூற்பாலையில் வேலை செய்தவர். ஐம்பது வயதில் வீட்டுக்கு அனுப்பினார்கள். அதற்குப் பிறகு அவருக்கு நிலையான வேலை கிடைக்கவே இல்லை. "முன்பு ஆளும் கட்சியைப் பற்றி வாய் திறக்க முடியாது. அப்புறம் யாரைப் பற்றி வேண்டுமானாலும் பேசலாம் என்றார்கள், ஆனால் அம்மாவின் வேலையைப் பற்றி அம்மாவிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை" என்றார். இதற்கு என்னிடம் பதில் இல்லை, அப்பா. அது அநியாயம் என்றுதான் நானும் நினைக்கிறேன்.

ஆனால் அதிலிருந்து அவர் போகிற இடத்துக்கு என்னால் கூடப் போக முடியவில்லை. 'எல்லோருக்கும் வேலை, குறைந்த வாடகை, குழந்தைகள் காப்பகம், இவை போதும். மற்றதைச் சரிசெய்திருக்கலாம்' என்பது அவர் வாதம். மற்றது என்பது சின்ன விஷயமா? இங்கே கிழக்கு ஜெர்மனி உளவுத்துறையின் பழைய அலுவலகம் இப்போது அருங்காட்சியகம். அங்கே கடிதங்களைப் பிரித்துப் படித்துவிட்டுத் தெரியாமல் திரும்ப ஒட்டுவதற்கான கருவிகளை வைத்திருக்கிறார்கள். அந்தக் காலமாக இருந்தால் உங்களுக்கு நான் எழுதுகிற இந்தக் கடிதத்தையும் ஒருவன் பிரித்திருப்பான் என்று நினைத்தபோது உடம்பு கூசியது. 1989-இல் அந்தத் துறையில் சுமார் 91,000 பேர் முழுநேர வேலை. உளவு சொன்ன சாதாரண மக்கள் அந்தக் கணக்கில் இல்லை. நாட்டின் மொத்த மக்கள்தொகையே ஒன்றரைக் கோடி சொச்சம்தான்.

நான் அவரிடம் கேட்டது இதுதான்: வேலை கொடுப்பதும் அரசு, வீடு கொடுப்பதும் அரசு, பத்திரிகை நடத்துவதும் அரசு என்றால், அரசோடு முரண்பட்டவன் எங்கே போவான்? இங்கே என் முதலாளியோடு ஒத்துப்போகவில்லை என்றால் அடுத்த தெருவில் வேறு முதலாளி. தொழிற்சங்கம் இருக்கிறது, தொழிலாளர் நீதிமன்றம் இருக்கிறது. தகராறு செய்ய இடம் இருக்கிறது.

அவரும் சும்மா விடவில்லை. "அந்த இடம் உனக்கு எப்படி வந்தது தெரியுமா? அன்றைய ஜெர்மனியின் ஆட்சித் தலைவர் பிஸ்மார்க் 1878-இல் சோஷலிஸ்ட் அமைப்புகளைத் தடை செய்தார். 1883-இல் மருத்துவக் காப்பீடு கொண்டுவந்தார். எங்களைப் பார்த்துப் பயந்துதான் கொடுத்தார். உன் காய்ச்சலுக்குச் சம்பளம் வந்ததில் எங்கள் பங்கும் உண்டு" என்றார். உண்மை. ஆனால் பயமுறுத்த முடிந்ததே ஓட்டு இருந்ததால்தான். தடைக் காலத்திலும் அந்த சோஷலிஸ்டுகள் தேர்தலில் நின்று பாராளுமன்றத்துக்குப் போனார்கள். கிழக்கு ஜெர்மனியில் ஆளும் கட்சிக்கு எதிராக யாரால் அப்படி நின்று ஜெயிக்க முடிந்தது? இதைச் சொன்னதும் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "நூற்பாலையைத் தொழிலாளர்கள் கையிலேயே கொடுத்திருந்தால்?" என்று கேட்டார்.

அந்தக் கேள்விதான் மனத்தில் ஓடிக்கொண்டிருக்கிறது. பழைய இயந்திரம், வாங்க ஆள் இல்லாத சரக்கு. கையில் கொடுத்திருந்தாலும் பலவற்றை நடத்தியிருக்க முடியாது என்பதே என் எண்ணம். ஆனாலும் கேட்டுப் பார்த்திருக்கலாம். இத்தனை வருடம் தொழிற்சங்கத்தில் இருந்தவர் நீங்கள், இந்த ஒரு விஷயத்தில் உங்கள் கருத்தை எழுதுங்கள். அவருக்கு அதை அப்படியே மொழிபெயர்த்துச் சொல்வதாக வாக்குக் கொடுத்திருக்கிறேன்.

அம்மாவுக்கு என் அன்பைச் சொல்லுங்கள். கண் பரிசோதனையைத் தள்ளிப் போடாதீர்கள்.

இப்படிக்கு,
உங்கள் அன்பு மகன்