கத்தரியைச் சற்றுத் தள்ளிப் பிடியுங்கள்

ஆங்கிலப் பாடநூலுக்கும் வினாத்தாளுக்கும் வாசிப்புப் பத்திகள் தேர்ந்தெடுப்பவர்களுக்கு,

வணக்கம். பழைய ஆங்கில நாவல்களிலிருந்து நூறு, நூற்றைம்பது சொற்களை எடுத்துக் கொடுப்பதில் எனக்குக் குறையில்லை. முழு நாவலைத் தொடப்போகாத பிள்ளைக்கு ஒரு வாயாவது கிடைக்கட்டும். எங்கே வெட்டுகிறீர்கள் என்பதில்தான் வழக்கு.

சார்லஸ் டிக்கன்ஸ் 1859இல் எழுதிய ‘இரு நகரங்களின் கதை’யின் முதல் வாக்கியத்தைப் பாருங்கள். மிக நல்ல காலம், மிக மோசமான காலம், அறிவின் யுகம், மடமையின் யுகம் என்று அடுக்கிக்கொண்டே போகிறது. நீங்கள் பாதியில் முற்றுப்புள்ளி வைத்து, கீழே ‘எதிர்ச்சொல் எழுதுக’ என்று போட்டுவிடுகிறீர்கள். அவர் அங்கே வைக்கவில்லை. நூறு சொற்களைத் தாண்டும் அந்த வாக்கியத்துக்கு வாலில்தான் கொடுக்கு: அந்தக் காலமும் ஏறக்குறைய நம் காலம் போலத்தான் இருந்தது, உரக்கக் கத்திய பெரிய மனிதர்கள் சிலர்தாம், நல்லதானாலும் கெட்டதானாலும் ‘மிக’ சேர்த்தே அதைச் சொல்ல வேண்டும் என்று அடம்பிடித்தார்கள். கேலியை நறுக்கிவிட்டு, கேலிக்கு ஆளானவர்களின் பேச்சை மட்டும் மனப்பாடம் செய்ய வைக்கிறோம்.

ஜேன் ஆஸ்டினுக்கு இன்னும் மோசம். 1813இல் வந்த ‘பிரைட் அண்ட் பிரெஜுடிஸ்’, வசதியுள்ள பிரம்மச்சாரிக்கு மனைவி தேவை என்பது ஊரறிந்த உண்மை என்று தொடங்குகிறது. என் மாணவி ஒருத்தி, ‘பணக்காரர்கள் திருமணம் செய்துகொள்ள வேண்டும் என்று ஆசிரியர் வலியுறுத்துகிறார்’ என்று எழுதினாள். விடைக்குறிப்பும் அதையே சொன்னது. முழு மதிப்பெண் போட்டேன். இன்றும் கை கூசுகிறது. அடுத்த வாக்கியத்தைக் கொடுத்திருந்தால் அவள் சிரித்திருப்பாள்: அவன் மனத்தில் என்ன இருந்தாலும் சரி, அக்கம்பக்கத்துக் குடும்பங்கள் அவனைத் தங்கள் மகள்களில் ஒருத்திக்கு உரிய சொத்தாகவே எண்ணிவிடுகின்றன. தேவை யாருக்கு என்பது அங்கேதான் தெரிகிறது. கதையில் வரும் வீட்டில் ஐந்து பெண்கள். நிலமோ அப்பாவுக்குப் பின் தூரத்து உறவுக்கார ஆணுக்குப் போகும். பெண்ணைப் பெற்றவர்களுக்கு இந்தக் கணக்கை விளக்க வேண்டுமா? முதல் வரியோடு நிறுத்தினால் எஞ்சுவது கல்யாணத் தரகரின் விளம்பரம்.

இடம் இல்லை என்பீர்கள். டிக்கன்ஸும் வாராவாரம் அளந்த இடத்தில்தான் இந்தக் கதையைத் தொடராக எழுதினார். எதிர்ச்சொல் கேள்விகளில் இரண்டைக் குறைத்து, அடுத்த முற்றுப்புள்ளி வரை அச்சிடுங்கள். விடைக்குறிப்பு எழுதுகிறவருக்கும் அதே பக்கத்தைக் கொடுத்துவிடுங்கள்.

இப்படிக்கு,
விடைத்தாள் திருத்தும் ஆசிரியர் ஒருவர்