பேரன் நோன்பைப் பற்றிக் கேட்டானாமே

தம்பி,

நேற்று நீ போனில் சொன்னதிலிருந்து மனசு அங்கேயேதான் இருக்கிறது. குட்டிப்பயல் மெல்பர்னில் உட்கார்ந்து நம்ம மலேசியக் கார்ட்டூன் 'உப்பின் இப்பின்' பார்த்துவிட்டு, நாம எப்போ நோன்பு இருப்போம் என்று கேட்டானாம், அதனால் இனி அதைப் போடுவதில்லை என்றாய். வேண்டாம்பா, நிறுத்தாதே.

2007 ரமலான் நோன்பு மாதத்தில் டிவி9-ல் அது முதன்முதலாக வந்தபோது நீ பள்ளியில் படிவம் மூன்று. மொத்தமே ஆறு குட்டிக் கதைகள். தாய் தகப்பன் இல்லாத மலாய் இரட்டைப் பிள்ளைகள், ஓப்பாதான், அதாவது அவர்கள் பாட்டிதான், நோன்பு என்றால் என்னவென்று சொல்லிக்கொடுக்கிறார், அதுகளுக்கோ பசி தாங்கவில்லை. சின்னப் பிள்ளைக்குச் சாமி சமாச்சாரம் வயிற்றிலிருந்துதான் புரியும், அதை அந்தப் படம் எடுத்தவர்கள் நன்றாகவே தெரிந்துவைத்திருக்கிறார்கள். எனக்கு ஒரே ஆதங்கம், அதே கம்பத்தில், அந்தக் கிராமத்தில், மாடு வைத்திருக்கிற நம்ம இந்தியப் பையன் ராஜூ இப்படிப் பசியோடு விரதம் இருக்கிற கதையை நான் பார்த்ததே இல்லை. தீபாவளிக் கதை வந்தது, சந்தோஷம்தான், ஆனால் பண்டிகை வேறு விரதம் வேறு இல்லையா.

நீ விழுந்து விழுந்து பார்த்த அமெரிக்கக் கார்ட்டூன் 'சிம்ப்சன்ஸ்' ஞாபகம் இருக்கிறதா? 1992-ல் வந்த ஒரு கதையில் வீடு தீப்பிடித்ததும் அக்கம்பக்கம் எல்லாரும் ஓடிவந்து அணைப்பார்கள். கடைசியில் பாதிரியார் கிறிஸ்தவர், யூதர் என்று சொல்லிக்கொண்டே வந்து, கடைக்காரர் அபுவைப் பார்த்ததும் 'இதர' என்பார். நாங்கள் இந்து, எழுபது கோடிப் பேர் என்று அபு சொல்ல வேண்டியிருக்கும். நீ சிரித்தாய், எனக்குச் சிரிப்பு வரவில்லை. விண்ணப்பப் பாரத்தில் சமயம் என்கிற இடத்தில் 'லாயின்-லாயின்', அதாவது 'மற்றவை' என்கிற கட்டத்தைத் தேடிக் கோடு போடுகிற பக்கத்து வீட்டுச் சீக்கியக்கா முகம்தான் வந்தது.

அதனால்தான் சொல்கிறேன், அவன் கேட்டது நல்ல கேள்வி, பதிலை நாம்தான் சொல்ல வேண்டும். உனக்கு ஆறு வயதில் காய்ச்சல் கண்டு அப்பா வேண்டிக்கொண்டார், அடுத்த தைப்பூசத்துக்கு 48 நாள் விரதம், தரையில் பாய், ஒருவேளைச் சாப்பாடு, வீட்டில் கவுச்சியே கிடையாது. நீ எதிர்வீட்டு மக்சிக்கிடம், அந்த மலாய் அத்தையிடம் போய் ஒரு பொரித்த கோழிக்காலை வாங்கி, பேப்பரில் சுற்றி, அப்பா பசிக்கும் சாப்பிடுங்க என்று நீட்டினாய். எண்ணெய் உன் முழங்கை வரைக்கும் வழிந்திருந்தது. அப்பா திட்டவில்லை, கையைக் கழுவிவிட்டு மடியில் உட்காரவைத்து ஏன் சாப்பிடவில்லை என்று உனக்குச் சொன்னார். நீ கேட்டுவிட்டு, அப்போ நானும் சாப்பிடலை என்றாய். அன்றைக்கு ராத்திரி வரைக்கும் இருந்தாய்.

இதை அவனிடம் சொல்லியிருக்கிறாயா?

தைப்பூசத்துக்கு லீவு கிடைத்தால் கூட்டிவா. தண்ணீர்மலையில் மேல் முருகன் கோயிலுக்கு 513 படி, பாதிக்கு மேல் நீ தூக்கிக்கொள். அவன் கைக்கு அடங்குகிற மாதிரி ஒரு சின்னப் பால்சொம்பு இங்கே கிடக்கிறது, புளி போட்டுத் தேய்த்து வைக்கிறேன். அப்புறம், ஞாயிற்றுக்கிழமை போன் போடும்போது அவனிடம் கொடு, கோழிக்கால் கதையை நானே சொல்கிறேன்.

அம்மா
பினாங்கு